அய்யாசாமியின் அம்மா

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கு போட்டபோது பாரிவாக்கத்திலிருந்தும் பக்கத்துச் சென்னீர்குப்பத்திலிருந்தும் ஒரு கும்பலே அங்கே வேலைக்குப் போனது. முதல் நாள் காலை கேட்டில் நின்று பேர் வாசித்த மேஸ்திரி பாதியிலேயே நிறுத்திவிட்டார். அய்யாசாமி, மாரிசாமி, வேம்புலிசாமி, முனுசாமி, எல்லசாமி என்று வந்துகொண்டே இருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னாப்பா, அல்லாரும் ஒரே ஊட்டு ஆளுங்களா?" என்று கேட்டார்.

அய்யாசாமிதான் முன்னால் நின்றான். நல்ல உயரம். அம்மாவின் தாடை.

"ஆமா மேஸ்திரி. ஒரே ஊடுதான்."

அப்படியே பார்த்தால் அது பொய். ஒருவன் அப்பன் வேறு, ஒருவன் பாட்டன் வேறு. ஆனால் கூட நின்றவர்களில் ஒருவனும் மறுத்துப் பேசவில்லை. பின்னாளில் இந்தச் சாமிகளில் சிலர் வட்டாரத்தில் நன்றாகவே பேர் வாங்கினார்கள். மாரிசாமி பம்பை அடிக்கிறான் என்றால் திருவேற்காட்டுக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சேற்றில் அச்சு வரை இறங்கிய லாரியை வேம்புலிசாமி ஏறி உட்கார்ந்து எடுத்துவிடுவான் என்று கிடங்கில் பந்தயமே கட்டுவார்கள். முனுசாமியின் சிலம்பம் பற்றிக் கேட்க வேண்டுமானால் பட்டாபிராமில் அவனிடம் அடி வாங்கியவர்களைத்தான் கேட்க வேண்டும். இவர்கள் அத்தனை பேர் பின்னாலும் அந்த ஒரு சொல் எப்படி வந்து ஒட்டியது என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அந்தக் காரணத்துக்குப் பேர் ராஜம்மா.

ராஜம்மா பிறந்தது சென்னீர்குப்பம், வாக்கப்பட்டது பாரிவாக்கம் சேரி. அவள் வந்த காலத்தில் பாரிவாக்கத்தில் பேர்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததல்ல. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம். ஊர்த்தெருவில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பேருக்குப் பின்னால் ஒரே பட்டம் இருந்தது. பிறந்த குழந்தைக்கும் உண்டு, பல் போன கிழவருக்கும் உண்டு. அந்தப் பட்டத்தை இங்கே எழுதி அதற்கு இன்னொரு பந்தி போட வேண்டாம். சேரிக்காரனுக்குப் பேருக்குப் பின்னால் ஒன்றும் கூடாது என்பது மட்டுமல்ல, இருக்கிற பேரிலும் மரியாதையாக எது தெரிந்தாலும் அதை நறுக்கிவிடுவார்கள். கன்னியப்பன் கன்னியான் ஆவான். ராஜம்மா ராஜி ஆவாள். 'சாமி' என்று முடிகிற பேரை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அது சேரிக்காரர்கள் ஊர்க்காரர்களைக் கூப்பிடுகிற சொல்.

இந்த நறுக்குகிற வேலையைச் செய்தவர் பரந்தாமன். நிலத்தில் பாதிக்கு மேல் வைத்திருந்த பெரிய வீட்டு ஜானகிராமனுக்கு இவர் காரியக்காரர். யார் நாற்றுப் பிடுங்குவது, யார் களை எடுப்பது என்று ஆள் விடுவது இவர் பொறுப்பு. ஊர்க்காரர்கள் சேரிக்குள் கால் வைக்க மாட்டார்கள். வைத்துவிட்டால் தலை முழுகாமல் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். அதனால் பரந்தாமன் விடிந்தும் விடியாததுமாக வந்து, சேரி எல்லையில் இருந்த ஒற்றைப் பனையடியில் நின்றுகொண்டு ஒவ்வொரு பேராகக் கத்துவார். கத்தின பேருக்கு அன்றைக்கு வேலை. கத்தாத பேருக்குப் பட்டினி. கூப்பிட்ட ஆள் வாசலுக்கு வந்து "வந்தேன் சாமி" என்று சொல்ல வேண்டும். சேரிக்குப் பொழுது விடிந்தது என்பதே அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான்.

ராஜம்மாவின் புருஷனை அந்தத் தொண்டை 'அய்யான்' என்று கூப்பிட்டது. முதல் உலகச் சண்டையின்போது கடல் தாண்டி ஈராக்கில் இருக்கிற பசராவில் கப்பல் மூட்டை இறக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் பட்டணத்துக்கு ஓடினான். கப்பலேறும் இடத்தில் பேர் கேட்டார்கள். என்ன தோன்றியதோ, அய்யாசாமி என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு யாராவது அடிப்பார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்தானாம். யாரும் அடிக்கவில்லை. பசராவில் இருந்த வரைக்கும் அவன் அய்யாசாமிதான். மூட்டை தூக்கக் கூப்பிட்டாலும் அய்யாசாமி, சோற்றுக்குக் கூப்பிட்டாலும் அய்யாசாமி.

ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, அந்தப் பேர், மூன்றையும் எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். மறுநாள் காலையில் பனையடியிலிருந்து சத்தம் வந்தது.

"டேய் அய்யான்."

அவன் உடனே வாசலுக்குப் போகவில்லை. கம்பளியை மடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். அந்த முகத்தை ராஜம்மா பார்த்தாள். பிறகு அவன் வெளியே போய், "வந்தேன் சாமி" என்றான்.

சாயங்காலம் கூழ் குடிக்கும்போது அவளிடம் சொன்னான்: "அங்க வெள்ளக்காரன் கூட முய்சாத்தான் கூப்ட்டான் ராஜம்மா. மூட்ட தூக்கற எடத்துல கூட." அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை. அடுத்த கோடையில் வாந்திபேதி சேரிக்குள் புகுந்து எடுத்துக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். அப்போது ராஜம்மாவுக்கு வயிற்றில் ஆறு மாதம்.

பையன் பிறந்தான். செத்த அப்பன் பேரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கும் நடப்பதுதான். ராஜம்மாவும் அப்பன் பேரைத்தான் வைத்தாள். எந்த அப்பன் பேர் என்பதில்தான் விஷயம் இருந்தது. பசராவில் இருந்தவனுடைய பேரை அவள் பிள்ளை காதில் சொன்னபோது, சேரியின் பெரியதனக்காரர் துலுக்கானம் எழுந்து போய்க் குடிசைப் படலைச் சாத்தினார். "வெளில தெரிஞ்சா பேஜாரு ராஜம்மா" என்றார். "வெளில தெரியத்தான வெக்கிறேன் நைனா" என்றாள் அவள்.

பிள்ளையைச் சுருக்கிக் கூப்பிட அவள் யாரையும் விடவில்லை. கண்ணு, ராசா என்று கொஞ்ச வந்தவர்களைக்கூட முறைத்தாள். பக்கத்துக் குடிசை பொன்னியம்மா அவளுக்கு உயிர்த்தோழி, வாய்க்குக் கதவில்லாதவள். அவளாலேயே பொறுக்க முடியவில்லை.

"அவ்ளோ நீட்டுப் பேர நாம சொல்லி முடிக்கறதுக்குள்ள புள்ள கொளத்துல உய்ந்துடும் யக்கா."

"புள்ள உய்ந்தா தூக்கிடலாம். பேரு உய்ந்தா தூக்க முடியாது. கம்னு முய்சா கூப்புடு."

நாலைந்து வருஷம் வரை வம்பு எதுவும் வரவில்லை. பிள்ளை சேரிக்குள்ளேயே இருந்தான், பேரும் அவனோடு சேரிக்குள்ளேயே இருந்தது. ஒரு மாசி மாதத்தில் களையெடுப்புக்கு அவள் போனபோது அவனும் பின்னாலேயே வந்துவிட்டான். ஜானகிராமன் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். பிள்ளை வரப்பு மேல் ஓடினான்.

"அய்யாசாமி, வய்க்கும், ஓடாத" என்று ராஜம்மா கழனியிலிருந்து குரல் கொடுத்தாள்.

குனிந்திருந்த பொம்பளைகள் எல்லாருக்கும் கை நின்றுவிட்டது. ஜானகிராமன் மெதுவாகப் பரந்தாமனைப் பார்த்தார். பரந்தாமன் வரப்போரம் வந்தார்.

"ஏண்டி ராஜி, இப்ப யார கூப்ட்டே?"

"எம் புள்ளைய சாமி."

"பேரு?"

"அய்யாசாமி."

ஜானகிராமன் சத்தம் போட்டுப் பேசுகிற மனுஷர் இல்லை. சத்தம் போட ஆள் வைத்திருப்பவருக்கு அது தேவையும் இல்லை. "நாளைக்கு இவன் என் மாட்டை மேய்க்க வருவான். நான் இவனை ஐயா, சாமின்னு கூப்பிடணுமா?" என்று பரந்தாமனைக் கேட்டார்.

பரந்தாமன் திரும்பினார். "சின்னான்னு மாத்திக்கோ. இன்னிலேர்ந்து அதான் பேரு."

"அது அவங்கப்பன் பேரு சாமி. மாத்த முடியாது."

"அவங்கப்பன் பேரு அய்யாண்டி. எனுக்குத் தெரியாதா?"

"இங்க அய்யான். கப்பல்ல போனப்ப அய்யாசாமி."

"பாரிவாக்கத்துக்குக் கப்பல் வராது" என்றார் ஜானகிராமன். "பேரை மாத்திட்டு வேலைக்கு வரட்டும். மாத்தற வரைக்கும் வேணாம்."

ராஜம்மா கையிலிருந்த களையை வரப்பில் போட்டாள். சேற்றுக்காலோடு ஏறி, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சேரியைப் பார்க்க நடந்தாள்.

மறுநாள் பனையடியில் எல்லாப் பேரும் கேட்டது, அவள் பேர் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பரந்தாமனுக்கு அது பெரிய சிரமமாகவும் இல்லை. ஒரு பேரைக் கத்தாமல் இருந்தால் தொண்டைக்குத்தான் லாபம்.

ராஜம்மா ஏரிக்கரையில் புல் அறுத்துக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு நடந்தாள். அங்கே ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குப் புல் எப்போதும் தேவைப்பட்டது. விற்றால் கேழ்வரகு, விற்காவிட்டால் பொன்னியம்மா வீட்டுக் கஞ்சி. வெயில் ஏற ஏற ஏரிக்கரைப் புல்லும் காய்ந்து போயிற்று. அவளுக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது அவளுக்குச் செய்கிற துரோகம். நன்றாகவே பயந்தாள். பிள்ளை பசி என்று சொல்லும்போதெல்லாம் 'சின்னான்' என்று ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் கம்பளியை மடித்துக்கொண்டு நின்ற அந்த முகம் வந்துவிடும். வாயைத் துடைத்துக்கொண்டு புல்லுக்குக் கிளம்பிவிடுவாள்.

துலுக்கானம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. சேரிக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்று பயந்து பயந்தே முதுகு வளைந்தவர்.

"ஊட்ல ஒரு பேரு வெச்சிக்கோ ராஜம்மா. வெளில ஒரு பேரு சொல்லிக்கோ. இன்னா கொறஞ்சி பூடும்?"

"ரெண்டு பேரு வெச்சிகினுதான நைனா அந்தாளு செத்தாரு."

துலுக்கானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆடி வந்தது. சேரி வேப்பமரத்தடியில் வேம்புலியம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாள். அங்கே வழக்கம் இப்படி: ஒவ்வொரு வீட்டுக்காரியும் கூழ்ப்பானையைத் தலையில் தூக்கி வருவாள். பூசாரி அந்த வீட்டு ஆம்பளை பேரைச் சொல்லி, "இன்னார் ஊட்டுக் கூழ்" என்பார். பம்பை ஒரு தட்டு தட்டும். அதன் பிறகுதான் பானையை இறக்கிப் பொதுக் கொப்பரையில் ஊற்ற வேண்டும். எல்லார் வீட்டுக் கூழும் கலந்த பிறகே அம்மனுக்குப் படைத்துக் குடிக்கலாம். பூசாரி வேறு யாரும் இல்லை, துலுக்கானமேதான்.

ராஜம்மா பானையோடு வந்து நின்றாள். போன வருஷம் வரை "அய்யான் பொண்டாட்டி ஊட்டுக் கூழ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ள பேரச் சொல்லிக் கூப்புடு நைனா. இனிமே அவன்தான் ஊட்டு ஆம்பள."

துலுக்கானம் ஊர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பம்பைச் சத்தம் எட்டுகிற தூரத்துக்கு இந்தப் பேரும் எட்டும். "ராஜம்மா ஊட்டுக் கூழ்னு சொல்றேன், எறக்கு" என்றார்.

"இல்ல நைனா. நிக்கிறேன்."

நின்றாள். பானை நிறையக் கூழ், ஆடி வெயில், காலடியில் சுடுமண். அவளுக்குப் பின்னால் மற்றப் பொம்பளைகள் பானையோடு வரிசையில் நின்றார்கள். கொப்பரை பாதியில் கிடந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. யாரோ, "இவ ஒருத்தியால சாமிக்கே பட்டினி" என்று முணுமுணுத்தார்கள். ராஜம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது, வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை எடுத்தால் பானை சாயும் என்று துடைக்காமலே நின்றாள். துலுக்கானம் அம்மனைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதுவும் ஒத்தாசைக்கு வரவில்லை.

கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அய்யாசாமி ஊட்டுக் கூழ்."

பம்பை தட்டியது. ராஜம்மா பானையை இறக்கி ஊற்றினாள். அவளுக்கு அடுத்தது பொன்னியம்மா. அவள் நகரவில்லை.

"எங்கூட்டையும் அப்டியே கூப்புடு நைனா."

"எப்டி?"

"கன்னிச்சாமி ஊட்டுக் கூழ்னு."

கூட்டத்தில் நின்ற அவள் புருஷன் கன்னியப்பனுக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. "ஏய், உனுக்கு இன்னா வந்துது?" என்றான்.

பொன்னியம்மா பானையோடேயே அவன் பக்கம் திரும்பினாள். "இவ ஒருத்திய தனியா நிக்க உட்டாத்தான ஒதுக்குவாங்க. அல்லாருக்கும் அதே பேருன்னா யார ஒதுக்குவாங்க? கய்னிய யாரு நடுவாங்க, அந்தக் கொடையா?"

சிரிப்பு வந்துவிட்டது. பல மாதமாகப் பயந்துகொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டால் பிறகு அதைப் பிடிப்பது கஷ்டம். அடுத்தவள் தன் பிள்ளைக்கு மாரிசாமி என்றாள். அடுத்தவள் முனுசாமி என்றாள். பரந்தாமனின் வாயில் சாமி என்ற சொல்லைக் கேட்கவேண்டும் என்ற ஆசை எத்தனை பேர் வயிற்றில் எத்தனை வருஷமாகக் கிடந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் தன் வீட்டுப் பானை வந்தபோது துலுக்கானம் மீசையைத் தடவிக்கொண்டார். "துலுக்கானசாமி ஊட்டுக் கூழ்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கம் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது கன்னியப்பன்தான் கேட்டான்: "பேரு வெச்சிகினோம். காலைல அந்தாளு வந்து கன்னியான்னுதான கத்துவான். அப்ப இன்னா பண்றது?"

"திரும்பாத" என்றாள் ராஜம்மா.

"அட்ச்சா?"

"எங்க வந்து அடிப்பான்? அவன் பனையத் தாண்ட மாட்டான். தாண்டினா அவன் ஊட்லயே சேக்க மாட்டாங்க. அவன் கையில கீறது அந்தத் தொண்ட ஒண்ணுதான் அண்ணாத்தே. நாம திரும்பினாத்தான் அது வேல செய்யும்."

எத்தனை தலைமுறையாக அந்த எல்லை சேரியை அவமானப்படுத்திக்கொண்டிருந்ததோ, அதே எல்லையை இவள் வேலியாகக் கட்டிக்கொண்டாள். இதை நினைத்தால் இப்போதும் எழுந்து நின்று அவளுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

ஆவணியில் நடவு. நாற்றங்காலில் நாற்று தயாராக நின்றது. விடிகாலையில் பரந்தாமன் பனையடிக்கு வந்தார்.

"டேய் துலுக்கானம்."

துலுக்கானம் தன் குடிசை வாசலில் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். குச்சி நிற்கவில்லை.

"டேய் கன்னியான். ஏய் பொன்னி."

பொன்னியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் தெளித்தாள். பரந்தாமன் இருக்கிற பேரையெல்லாம் கத்தினார். தெரிந்த கெட்ட வார்த்தைகளையும் கத்தினார். அவை யார் பேரும் இல்லை என்பதால் அவற்றுக்கும் யாரும் திரும்பவில்லை. சேரி முழுக்கக் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தது, ஒரு முகம்கூடப் பனைப் பக்கம் வரவில்லை. வெயில் வந்ததும் அவர் திரும்பிப் போனார்.

மறுநாள் தமுக்கு அடிக்க ஆள் விட்டார்கள். தமுக்கில் பேர் வராது, அதற்கும் யாரும் எழவில்லை. அதற்கு அடுத்து சென்னீர்குப்பத்திலிருந்து நடவுக்கு ஆள் பிடித்து வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ராஜம்மாவின் சொந்தம். முன்னால் வந்தது அவள் கூடப்பிறந்த அண்ணன் வேம்புலி.

"இன்னா தங்கச்சி, ஊரே சும்மா குந்திகினு கீது?" என்று கேட்டுக்கொண்டே சேரிக்குள் வந்தவன், விஷயத்தைக் கேட்டதும் கழனிப் பக்கம் போகவில்லை. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வந்த வழியே நடந்தார்கள். போகும்போது அவன் தன்னையும் வேம்புலிசாமி என்று கூப்பிடச் சொன்னான். ஊருக்குப் போய் அதையே மகனுக்கும் வைத்துவிட்டான்.

சேரியிலும் எல்லாரும் இரும்பு நெஞ்சுக்காரர்கள் இல்லை. பானைகள் காலியாகிக்கொண்டு வந்தன. ஆள் விட்டு அடிப்பார்கள், கூரைக்கு நெருப்பு வைப்பார்கள் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. அடித்திருக்கலாம்தான். ஆனால் அடிபட்டவள் நாற்று நட மாட்டாள் என்பது ஜானகிராமனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் போனால் கணு விட்டுவிடும், பிறகு அது மாட்டுக்குத்தான்.

சமாதானப் பேச்சு வந்தது. பரந்தாமன் பனைக்கு அந்தப் பக்கமும் துலுக்கானம் இந்தப் பக்கமும் நின்று பேசினார்கள். திரும்பி வந்த துலுக்கானத்தின் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி இருந்தது.

"பேர மாத்த வேணாம்னு சொல்லிட்டாங்க. நமக்குள்ள இன்னா வோணா கூப்ட்டுக்கலாமாம். அவங்க வாயில மட்டும் வராதாம். அவ்ளோதான். ஒத்துக்கலாம்னு தோணுது."

பல தலைகள் ஆடின. பசி என்பது ரொம்ப நியாயமாகப் பேசும். ராஜம்மா பிள்ளையை மடியில் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைக் கீழே வைத்தாள்.

"நமக்குள்ள கூப்ட்டுக்க அவன் உத்தரவு எதுக்கு நைனா? அந்தாளு பசரால அய்யாசாமியாத்தான இருந்தாரு. வெள்ளக்காரன் வாயில கூட. அந்தப் பனையாண்டதான் அவரு அய்யான் ஆனாரு. அங்க மாறணும். அவங்க வாயில பேரு வர்லன்னா நம்ம கையில நாத்து வராது. போய்ச் சொல்லு."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் சொல்லி முடித்துச் சீப்பை எடுத்தவள் பிள்ளை தலையில் வாரிய இடத்தையே திரும்பத் திரும்ப வாருவதைப் பொன்னியம்மா பார்த்தாள். பார்த்தவள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆடிய தலைகள் ஒவ்வொன்றாக நின்றன. துலுக்கானம் மறுபடியும் பனையடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் விடிந்தது. பரந்தாமன் வந்தார். அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி வரப்பில், குடையோடு ஜானகிராமனும் வந்திருந்தார். அவர் முகம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் ஏரியின் அழகைப் பார்க்க வந்தவர் போல.

பரந்தாமன் தொண்டையைச் செருமினார். பல நாள் கத்தியதில் அதுவும் கட்டிப்போயிருந்தது. எந்தப் பேரில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. துலுக்கானத்தைச் சாமி என்று கூப்பிடுவதா? கன்னியானையா? இத்தனைக்கும் காரணமான அந்தப் பொம்பளையைக் கூப்பிட்டால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ராஜி என்றால் திரும்ப மாட்டாள். அவர் வீட்டிலும் பொம்பளைகள் இருந்தார்கள். தெருவில் அவர் பெண்சாதியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மூத்த பிள்ளை பேரைச் சொல்லி அவன் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு வழி தெரியாத மனுஷனுக்கு அந்த வழி தெரிந்தது.

"அய்யாசாமி அம்மா" என்றார்.

சத்தம் பனையை விட்டு அதிக தூரம் வரவில்லை. ராஜம்மா வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் இல்லை. சட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் புருஷன் பேரை இதே இடத்தில் நின்று எந்தக் குரலில் நறுக்கினாரோ, அந்தக் குரலில் அவளுக்கு அது முழுசாக வேண்டும்.

சேரி முழுக்க அசையாமல் நின்றது. பரந்தாமன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். குடை அசையவில்லை, ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அய்யாசாமி அம்மா. நாத்து புடுங்க வா."

இந்த முறை சேரியின் கடைசிக் குடிசை வரை கேட்டது. ராஜம்மா சட்டியைக் கவிழ்த்தாள், கையை முந்தானையில் துடைத்தாள், எழுந்து பனையைப் பார்த்துத் திரும்பினாள். வழக்கமாகச் சொல்கிற அந்த 'வந்தேன் சாமி' சேரிக்காரர்கள் எல்லார் வாயிலும் ஊறிக் கிடந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"வந்துகினே கீறேன்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. மற்றவர்களையும் கூப்பிடட்டும் என்று நின்றாள்.

"கன்னிச்சாமி" என்றார் பரந்தாமன். "துலுக்கானசாமி." முதல் பேருக்குத்தான் அவர் அவ்வளவு கஷ்டப்பட்டார். பிறகு வேலை நடக்கவேண்டிய அவசரத்தில் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். துலுக்கானத்தின் முதுகு அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது என்று பொன்னியம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தான். தன் பேர் அவ்வளவு சத்தமாக அந்தப் பக்கத்திலிருந்து வந்து அவன் கேட்டதே இல்லை.

"யாரும்மா என்ன கூப்ட்டாங்க?"

ராஜம்மா குனிந்து அவன் கண்ணில் இருந்த பீளையைத் துடைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. புருஷன் செத்தபோது எல்லார் முன்னாலும் அழுத பிறகு அன்றைக்குத்தான் எல்லார் முன்னாலும் அழுதாள்.

"உன்ன இல்ல சாமி" என்றாள். "உங்கப்பன கூப்ட்டாங்க."